ஒருவர்கூட முதல் பேஸை எட்டாத பிற்பகல்

பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்கள்கூட அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருக்கக்கூடும். நெஞ்சுக் கவசம் அணிந்த, குட்டையான, கட்டுமஸ்தான ஒருவர் ஓடி வந்து, தன்னைவிட நன்றாக உயர்ந்த இன்னொருவர் மேல் குழந்தையைப் போலத் தாவி, கால்களால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறார். தாவியவர் யோகி பெர்ரா. தாங்கிக்கொண்டவர் டான் லார்சன். இடம் நியூயார்க் நகரின் யாங்கி ஸ்டேடியம். நாள் 1956 அக்டோபர் 8, திங்கட்கிழமை.

அந்தப் படத்தோடு ‘பர்ஃபெக்ட் கேம்’ என்ற சொல்லும் சேர்ந்தே வரும். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். லார்சன் எறிந்த பந்தை எதிரணியினர் ஒருவராலும் அடிக்கவே முடியவில்லை என்பார்கள். இருபத்தேழு பேரையும் தனியாளாக வீழ்த்தினார் என்பார்கள். ‘நோ-ஹிட்டர்’ என்பதும் இதுவும் ஒன்றேதான் என்பார்கள். மூன்றும் பிழை. அன்று எதிரணியின் இருபத்தேழு முயற்சிகளில் இருபது முறை பந்து மட்டையில் பட்டு மைதானத்துக்குள் வந்தது. அந்த இருபதும் எப்படி அவுட் ஆயின என்பதில்தான் பர்ஃபெக்ட் கேமின் அழகு முழுவதும் இருக்கிறது. அது தெரியாமலே அந்தப் படத்தை ரசித்துவிட்டுக் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரையை அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

தாயம் விழாத ஆட்டம்

தாயக்கட்டை ஆடியவர்களுக்கு ஒரு தவிப்பு நன்றாகத் தெரியும். தாயம் விழாமல் காயைக் கட்டத்தில் இறக்க முடியாது. கட்டையை உருட்டிக்கொண்டே இருப்போம். இரண்டு விழும், மூன்று விழும், தாயம் மட்டும் விழாது. எதிரில் இருப்பவர் காய்களை நகர்த்தி, வெட்டி, பழமாக்கிக்கொண்டிருக்க, நம் காய்கள் வெளியிலேயே கிடக்கும். எவ்வளவு கெட்டிக்கார ஆட்டக்காரராக இருந்தாலும், கட்டத்துக்குள் போகாத காயை வைத்துக்கொண்டு எந்தத் தந்திரமும் செய்ய முடியாது.

பர்ஃபெக்ட் கேமில் எதிரணிக்கு நேர்வது இதுதான். ஆட்டம் முழுவதும் அவர்களுடைய காய் ஒன்றுகூடக் கட்டத்தில் இறங்கவில்லை. பேஸ்பாலில் கட்டத்தில் இறங்குவது என்றால் முதல் பேஸை அடைவது. அது என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

பேஸ்பால்: தேவையான அளவு மட்டும்

வைரக்கல் வடிவில் வைத்த ஒரு சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு மூலைகளில் ஒன்று ‘ஹோம் பிளேட்’. மட்டை பிடிப்பவர், அதாவது பேட்டர், அங்கே நிற்கிறார். மற்ற மூன்று மூலைகளும் முதல், இரண்டாம், மூன்றாம் ‘பேஸ்’கள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் இடையே 90 அடி. பேட்டர் இந்த மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு மீண்டும் ஹோம் பிளேட்டுக்கு வந்துசேர்ந்தால் ஒரு ரன். நடுவில் ஒரு மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பந்தை எறிகிறவர் ‘பிட்சர்’. பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவர் ‘கேட்சர்’. நம் விக்கெட் கீப்பரின் உடன்பிறப்பு என்று சொல்லலாம்.

ஓர் அணி மூன்று பேரை இழக்கும் வரை மட்டை பிடிக்கும். பிறகு அடுத்த அணி. இரண்டும் சேர்ந்தது ஓர் இன்னிங்ஸ். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆக ஓர் அணியை முழுமையாக முடித்துவைக்க 27 அவுட் வேண்டும். கிரிக்கெட்டில் அவுட் ஆனவருக்கு அந்த இன்னிங்ஸோடு வேலை முடிந்தது. இங்கே அப்படியில்லை. ஒன்பது பேரும் வரிசையாக வந்து, வரிசை முடிந்ததும் முதல் ஆளிலிருந்து மறுபடி தொடங்கும். இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள்: ஒன்பது பேர், ஆளுக்கு மூன்று முறை, மொத்தம் 27. பர்ஃபெக்ட் கேம் என்றால் வரிசை சரியாக மூன்று சுற்று வந்து நின்றுவிடுகிறது. இருபத்தெட்டாவது முறை மட்டை பிடிக்க ஆள் வருவதேயில்லை.

அவுட் ஆகும் வழிகளில் மூன்றுதான் நமக்கு முக்கியம். அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்துவிட்டால் அவுட். தரையில் உருண்ட பந்தை எடுத்து, பேட்டர் ஓடிச் சேர்வதற்கு முன் முதல் பேஸில் நிற்பவரிடம் எறிந்துவிட்டால் அவுட். மூன்று ‘ஸ்டிரைக்’ வாங்கினால் அவுட்.

ஸ்டிரைக் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஹோம் பிளேட்டின் அகலத்துக்கு மேலே, பேட்டரின் முழங்காலிலிருந்து ஏறக்குறைய நெஞ்சு வரை காற்றில் ஒரு சன்னல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சன்னல் வழியாகப் பந்து வந்து, பேட்டர் மட்டையை வீசாமல் விட்டாலும் ஸ்டிரைக். எங்கே வந்த பந்தானாலும் வீசித் தவறவிட்டாலும் ஸ்டிரைக். சன்னலுக்கு வெளியே போன பந்தை வீசாமல் விட்டால் அது பேட்டருக்குச் சாதகம். அதை ‘வெளிப்பந்து’ என்று இங்கே அழைக்கிறேன். நான்கு வெளிப்பந்து சேர்ந்தால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதற்குப் பெயரே ‘வாக்’.

இதுவரை சொன்னதன் சாரம்: முதல் பேஸ் என்பது வாசற்படி. 27 அவுட் எடுத்தால் ஒரு முழு ஆட்டம். வாசற்படியை ஒருவரும் மிதிக்காமல் அந்த 27-ஐயும் எடுத்துவிட்டால் அது பர்ஃபெக்ட் கேம்.

வாசற்படிக்கு எத்தனை வழிகள்

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். பேட்டர் முதல் பேஸை அடைய, பந்தை நன்றாக அடிப்பது ஒரு வழி மட்டுமே. அப்படி அடித்துப் போய்ச் சேர்ந்தால் ‘ஹிட்’. வாக் பெற்றுப் போகலாம். பிட்சர் எறிந்த பந்து உடம்பில் பட்டால் போகலாம். எளிதாக எடுக்க வேண்டிய பந்தைக் களத்தடுப்பாளர் நழுவவிட்டால் போகலாம். அந்தப் பிழைக்கு ‘எரர்’ என்று பெயர். மூன்றாவது ஸ்டிரைக் விழுந்த பந்தைக் கேட்சர் பிடிக்கத் தவறினால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது, அவுட் ஆக வேண்டியவர் ஓடிப் பிழைத்துக்கொள்ளக்கூட விதி உண்டு.

நோ-ஹிட்டர் இவற்றில் முதல் வழியை மட்டுமே அடைக்கிறது. ஹிட் ஒன்றும் இல்லை என்றால் போதும். வாக் எத்தனை கொடுத்திருந்தாலும், எரர் எத்தனை நடந்திருந்தாலும் அது நோ-ஹிட்டர்தான். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. மெய்டன் ஓவரில் லெக் பை ஓடி ரன் எடுத்தாலும் அது பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது. ஓவர் மெய்டனாகவே நிற்கும். நோ-ஹிட்டர் அந்த வகைக் கணக்கு. பர்ஃபெக்ட் கேமில் அந்தச் சலுகை கிடையாது. எல்லா வழிகளும் ஆட்டம் முழுக்க அடைபட்டிருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் ஆட்டம் போதும். 1964 ஏப்ரல் 23 அன்று ஹூஸ்டன் அணியின் கென் ஜான்சன் சின்சினாட்டிக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. இருந்தும் 1-0 என்று தோற்றார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரே பந்தை எடுத்து முதல் பேஸுக்குத் தவறாக எறிந்தார், பிறகு இன்னொருவரின் எரர், ஒரு ரன். நோ-ஹிட்டர் எறிந்துவிட்டுத் தலை குனிந்து வெளியேற முடியும். பர்ஃபெக்ட் கேமில் எதிரணி பேஸுக்கே வருவதில்லை. அதனால் ரன்னும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். 1917 ஜூன் 23 அன்று பாஸ்டன் அணிக்காக எறியத் தொடங்கியவர் பேப் ரூத். பின்னாளில் மட்டையால் உலகப் புகழ் பெற்ற அதே ரூத், அப்போது பிட்சர். முதல் பேட்டருக்கே வாக் கொடுத்தார், நடுவரோடு சண்டை போட்டார், வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பதில் வந்தவர் எர்னி ஷோர். வாக் பெற்று நின்றவர், பந்து அடிபடுமுன்பே இரண்டாம் பேஸைத் ‘திருட’ ஓடி அவுட் ஆனார். அதன்பின் ஷோர் 26 பேரை வரிசையாக வீழ்த்தினார். நீண்ட காலம் அது பர்ஃபெக்ட் கேம் பட்டியலில் இருந்தது. இன்று இல்லை. ஷோர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒருவர் முதல் பேஸில் நின்றார். இப்போது அது இருவர் சேர்ந்து எறிந்த நோ-ஹிட்டர்.

சுருக்கமாக: எல்லா பர்ஃபெக்ட் கேமும் நோ-ஹிட்டர்தான், எல்லா நோ-ஹிட்டரும் பர்ஃபெக்ட் கேம் ஆகாது.

மூன்று நாளில் மாறிய மனிதர்

இனி 1956-க்கு வருவோம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர் ‘வேர்ல்டு சீரிஸ்’. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவர் சாம்பியன். அந்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸும், அதே நகரின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த டாட்ஜர்ஸும் மோதின. முந்தைய ஆண்டு சாம்பியன் டாட்ஜர்ஸ். நான்கு ஆட்டங்கள் முடிவில் ஆளுக்கு இரண்டு வெற்றி.

ஐந்தாவது ஆட்டத்தில் எறிய வந்த லார்சனுக்கு வயது 27. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பால்டிமோர் அணியில் அவருடைய கணக்கு 3 வெற்றி, 21 தோல்வி. அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், அக்டோபர் 5 அன்று, அவருடைய அணி 6-0 என்று முன்னிலை எடுத்துக் கொடுத்தும் அவரால் இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியவில்லை. நான்கு வாக் கொடுத்தார். மேலாளர் அவரை வெளியே எடுத்தார். யாங்கீஸ் அந்த ஆட்டத்தை 13-8 என்று இழந்தது.

மூன்று நாள் கழித்து ஆடை மாற்றும் அறைக்கு வந்தபோது அவருடைய காலணிக்குள் ஒரு பந்து கிடந்தது. அன்று எறியப்போவது யார் என்பதைத் தெரிவிக்க யாங்கீஸ் அணியில் அப்படி வைப்பது வழக்கம். நான்கு வாக் கொடுத்துத் தோற்றுப்போன மனிதருக்கு அந்தப் பந்தைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எதிரணியில் மட்டை பிடிக்க வந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பீ வீ ரீஸ், டியூக் ஸ்நைடர், ஜாக்கி ராபின்சன், கில் ஹாட்ஜஸ், ராய் காம்பனெல்லா ஆகிய ஐவரும் பின்னாளில் பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் இடம்பெற்றவர்கள். எதிரணிக்காக எறிந்தவர் சால் மாக்லி. இவரைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம். லார்சனைப் போலவே மாக்லியும் தொடக்கத்திலிருந்து ஒருவரையும் பேஸுக்கு விடாமல், முதல் பதினொரு யாங்கீஸ் பேட்டர்களை வரிசையாக அனுப்பிவைத்தார். பன்னிரண்டாவதாக வந்த மிக்கி மேன்டில் பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டார். அதுதான் ‘ஹோம் ரன்’, யாங்கீஸுக்கு ஒரு ரன். அந்த நொடி வரை இரு பக்கமும் பர்ஃபெக்ட்டாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் இன்னொரு ரன். ஐந்தே ஹிட், இரண்டே ரன். வேறு எந்த நாளிலும் மாக்லி எறிந்தது பாராட்டப்பட்டிருக்கும்.

5-6-3

பேஸ்பாலில் ஒவ்வோர் அவுட்டையும் எண்களால் குறித்துவைப்பார்கள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் காப்பவர் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ‘ஷார்ட்ஸ்டாப்’ 6, வெளிக்களத்தில் இடம், நடு, வலம் என 7, 8, 9. தரையில் உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் ‘6-3’. அவ்வளவுதான்.

இரண்டாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் ஜாக்கி ராபின்சனின் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் 5-6-3 என்று இருக்கிறது. இந்த வரிசை அரிது. நடந்தது இது: ராபின்சன் பந்தை மூன்றாம் பேஸ் பக்கம் கடுமையாக அடித்தார். அங்கே நின்ற ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுப் பந்து தெறித்தது. தெறித்த திசையில் தற்செயலாக ஷார்ட்ஸ்டாப் கில் மெக்டூகல்ட் இருந்தார். அவர் எடுத்து முதல் பேஸில் நின்ற ஜோ காலின்ஸிடம் எறிந்தார். அப்போது ராபின்சனுக்கு வயது 37. நூலிழையில் அவுட். கேரியின் கையுறையில் பந்து இன்னும் ஓர் அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் அது ஹிட். இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஐந்தாவது இன்னிங்ஸ் இன்னும் நெருக்கடியானது. ஹாட்ஜஸ் பந்தை இடது-நடு வெளிக்களத்தின் ஆழத்துக்கு அடித்தார். பழைய யாங்கி ஸ்டேடியத்தில் அந்தப் பகுதி அத்தனை ஆழமானது. ‘சாவுப் பள்ளத்தாக்கு’ என்றே அதற்குப் பெயர். மேன்டில் முழு வேகத்தில் ஓடி, கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, புறங்கையாகப் பிடித்தார். அடுத்து வந்த சாண்டி அமோரோஸ் வலப்பக்கக் கூட்டத்துக்குள் பந்தை அடித்தார். ஒரு கணம் அது ஹோம் ரன் போலவே இருந்தது. எல்லைக் கோட்டுக்கு வெளியே சில அங்குலம் தள்ளிப் போனதால் ‘ஃபவுல்’, அதாவது செல்லாத அடி. எட்டாவது இன்னிங்ஸில் ஹாட்ஜஸ் மறுபடி தாழ்வாக ஓர் அடி அடிக்க, இந்த முறை கேரி தரைக்கு அருகிலேயே அதைப் பிடித்துவிட்டார்.

அமோரோஸின் அந்தப் பந்தில் யாருக்கும் எந்தத் திறமையும் உதவவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோடு இருந்த இடத்தில் இருந்தது, பந்து விழுந்த இடத்தில் விழுந்தது.

97 பந்துகள்

லார்சன் அன்று எறிந்தது 97 பந்துகள் மட்டுமே. ஒரு பேட்டருக்குச் சராசரியாக நான்குக்கும் குறைவு. மூன்று வெளிப்பந்து வரை போனது ஒரே ஒரு முறை, முதல் இன்னிங்ஸில் ரீஸுக்கு. இன்னும் ஒன்று வெளியே போயிருந்தால் ஆட்டத்தின் இரண்டாவது பேட்டரோடு எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த பந்தை ரீஸ் வீசாமல் விட்டார், ஸ்டிரைக். மூன்று நாளுக்கு முன் நான்கு வாக் கொடுத்தவர், அதன்பின் ஒருவரையும் அந்த விளிம்பு வரை வரவிடவில்லை.

அந்தப் பருவத்தின் பிற்பகுதியில்தான் லார்சன் ஒரு புதிய முறையைப் பழகியிருந்தார். பொதுவாகப் பிட்சர்கள் எறியுமுன் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பை ஆட்டி வேகம் சேர்ப்பார்கள். லார்சன் அதை விட்டுவிட்டுப் பந்தை நெஞ்சருகே வைத்தபடியே எறியத் தொடங்கினார். அசைவு குறைந்தால் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போவது எளிதாகிறது. கேரம் ஆடுகிறவர்கள் ஸ்டிரைக்கரை அடிக்குமுன் மணிக்கட்டை அசையாமல் ஊன்றிக்கொள்வது நினைவுக்கு வருகிறது.

பின் இன்னிங்ஸ்களில் யாங்கீஸ் வீரர்கள் உட்காரும் இடத்தில் பேச்சே நின்றுபோனது. பர்ஃபெக்ட் கேமோ நோ-ஹிட்டரோ நடந்துகொண்டிருக்கும்போது பிட்சரிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது பேஸ்பால்காரர்களின் பழைய நம்பிக்கை. நம் வீட்டுப் பெரியவர்கள் கண் படும் என்பார்களே, ஏறக்குறைய அதுதான். லார்சன் தாமே மேன்டிலிடம் பேச்சுக் கொடுத்தபோது மேன்டில் பதில் சொல்லாமல் விலகிப் போய்விட்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். அரங்கத்தில் 64,519 பேர். கார்ல் ஃபுரில்லோ சில பந்துகளை ஃபவுலாக அடித்துத் தள்ளிவிட்டுப் பிறகு வலது வெளிக்களத்தில் பிடிபட்டார். காம்பனெல்லா இரண்டாம் பேஸ் பக்கம் உருட்டி அவுட். மாக்லியின் இடத்தில் மட்டை பிடிக்க டேல் மிட்செலை அனுப்பினார்கள். தம் வாழ்நாள் முழுவதும் 119 முறை மட்டுமே மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆனவர் மிட்செல். ஏறக்குறைய நாலாயிரம் முயற்சிகளில் 119. அவரைப் போன்றவரை அனுப்பியதன் காரணம் எளிது: பந்து மட்டையில் பட்டே தீரும், பட்டால் ஏதாவது நடக்கலாம்.

ஒரு வெளிப்பந்து. ஒரு ஸ்டிரைக். வீசித் தவறவிட்ட இன்னொரு ஸ்டிரைக். ஒரு ஃபவுல். அடுத்த பந்துக்கு மிட்செல் மட்டையைத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்ற நடுவர் பேப் பினெல்லி, பிளேட்டுக்குப் பின்னால் தாம் நிற்கும் கடைசி ஆட்டம் அது, ஸ்டிரைக் என்று கையை உயர்த்தினார். பந்து சன்னலுக்கு வெளியே போனது என்றே மிட்செல் கடைசி வரை நம்பினார். பெர்ரா அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார்.

இது யாருடைய சாதனை

லார்சன் மூன்று ஸ்டிரைக் மூலம் அவுட் ஆக்கியது ஏழு பேரை. மீதி இருபது அவுட்டும் களத்தில் நின்றவர்களின் கைகளில் நடந்தன.

பிட்சரின் பிடியில் உறுதியாக இருப்பவை சிலவே. ஸ்டிரைக் எறிவது, வாக் கொடுக்காமல் இருப்பது, உடம்பில் படாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை பெருமளவு அவர் கையில் இருக்கின்றன. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் வந்துவிட்ட பந்து அப்படியில்லை. அது ஹிட் ஆகுமா அவுட் ஆகுமா என்பதை, எவ்வளவு பலமாகப் பட்டது, எந்தத் திசையில் போனது, அங்கே யார் நின்றார், அவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பவை சேர்ந்து முடிவு செய்கின்றன. பொதுவாக அப்படி வரும் பந்துகளில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று ஹிட் ஆகிவிடும். இருபது பந்து வந்தால் ஐந்தாறு ஹிட் எதிர்பார்க்கலாம். அன்று பூஜ்யம். நல்ல பிட்சர் பேட்டரைத் தடுமாறவைத்துப் பந்தின் பலத்தைக் குறைக்கலாம். அதற்கு மேல் அவர் திரும்பி நின்று பார்க்க வேண்டியதுதான்.

அதே 1956-இன் ஜூலை மாதம் ஓல்ட் டிராஃபோர்டில் ஜிம் லேக்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 19 விக்கெட் எடுத்தார். அதுவும் ஒருவர் பெயரில் எழுதப்பட்ட சாதனை. பேட்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்று கேட்ச் பிடித்தவர்கள் இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. ஒருவர் பெயரை எழுதுவதில் தவறில்லை. லார்சன் ஒரு வாக் கொடுத்திருந்தால், மேன்டில் எத்தனை கேட்ச் பிடித்தும் பயனில்லை. மேன்டில் ஓடியிராவிட்டால், லார்சன் எத்தனை ஸ்டிரைக் எறிந்தும் பயனில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எவ்வளவு அரிது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொழில்முறை ஆட்டத்தில் மட்டை பிடிக்க வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வழியில் முதல் பேஸை அடைந்துவிடுவார். ஆறு முகப் பகடையை 27 முறை உருட்டி, ஒருமுறைகூட ஒன்றோ இரண்டோ விழாமல் இருப்பதற்குச் சமம் இது. ஏறக்குறைய 57,000 முயற்சிகளில் ஒன்று. நல்ல பிட்சர், பலவீனமான எதிரணி, சரியான நாள் எல்லாம் கூடும்போது வாய்ப்பு இதைவிடச் சற்றுக் கூடும். அமெரிக்காவின் மேஜர் லீக் வரலாற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்துள்ளன. 2023 முடிய பர்ஃபெக்ட் கேம் 24. இரண்டு முறை எறிந்தவர் எவரும் இல்லை. லார்சனுக்கு முந்தையது 1922-இல். வேர்ல்டு சீரிஸில் நடந்தது லார்சனுடையது ஒன்றே.

கைநழுவியவை

பர்ஃபெக்ட் என்ற சொல் எவ்வளவு கறாரானது என்பதை, அதை அடையாமல் போன இருவரிடம் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

1959 மே 26 அன்று மில்வாக்கியில் பிட்ஸ்பர்க் அணிக்காக எறிந்தவர் ஹார்வி ஹாடிக்ஸ். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரும் அவுட். ஆனால் அவருடைய அணியும் ரன் எடுக்கவில்லை, ஆட்டம் நீண்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. 36 பேர் வரிசையாக அவுட். பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸைக் காத்தவர் பந்தை எடுத்துத் தவறாக எறிந்தார். ஓர் எரர். முதல் பேஸில் ஆள். பிறகு ஜோ ஆட்காக் அடித்த அடியில் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. ஹாடிக்ஸ் தோற்றார். எதிரணியின் லூ பர்டெட் 12 ஹிட் கொடுத்தும் வென்றார். 1991-இல் விதியைக் கறாராக வரையறுத்தபோது, ஆட்டம் முடியும் வரை ஹிட் இல்லாமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்றே ஆனதால், ஹாடிக்ஸின் ஆட்டம் எந்தப் பட்டியலிலும் இடமில்லாமல் நிற்கிறது. எனக்கு இது ஆறவில்லை; விதி சரிதான் என்பதும் தெரிகிறது.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா 26 பேரை வீழ்த்திவிட்டார். இருபத்தேழாவது பேட்டர் உருட்டிய பந்து எடுக்கப்பட்டு, முதல் பேஸுக்கு ஓடிவந்த கலராகாவிடமே எறியப்பட்டது. அவர் கையில் பந்து, காலடியில் பேஸ், பேட்டர் இன்னும் வந்துசேரவில்லை. நடுவர் ஜிம் ஜாய்ஸ் ‘அவுட் இல்லை’ என்றார். அந்நாளில் இத்தகைய தீர்ப்பை வீடியோ பார்த்து மாற்ற விதி இல்லை. கலராகா ஒரு சிறு புன்னகையோடு மேட்டுக்குத் திரும்பி அடுத்தவரை அவுட் ஆக்கினார். ஆட்டம் முடிந்தபின் வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறுநாள் ஜாய்ஸ் ஹோம் பிளேட்டில் நின்றபோது அணிப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 28 அவுட் எடுத்தும் அது பர்ஃபெக்ட் கேம் ஆகவில்லை. பதிவேட்டில் அது ஒரு ஹிட் கொடுத்த ஆட்டம்.

மறுநாள்

1956-க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் தொடர் இன்னும் முடியவில்லை. அக்டோபர் 9 அன்று ஆறாவது ஆட்டம், இந்த முறை புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில். அதே டாட்ஜர்ஸ் பேட்டர்கள். ஒன்பது இன்னிங்ஸிலும் இரு அணிக்கும் ரன் இல்லை. பத்தாவது இன்னிங்ஸில் ஜிம் கில்லியம் மட்டையை வீசாமல் பொறுமையாக நின்று நான்கு வெளிப்பந்து பார்த்து, வாக் பெற்று முதல் பேஸுக்கு நடந்தார். அடுத்தவர் மெல்லத் தட்டித் தன்னை அவுட் ஆக்கிக்கொண்டு அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஸ்நைடருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அதன்பின் வந்த ஜாக்கி ராபின்சன், முந்தைய நாள் 5-6-3 என்று எழுதப்பட்ட அதே ராபின்சன், இடது வெளிக்களத்தில் நின்றவரின் தலைக்கு மேல் பந்தை அனுப்பினார். கில்லியம் ஹோம் பிளேட்டைத் தொட்டார். 1-0.